விபிஎன் போட்ட பிறகும் யார் யார் பார்க்கிறார்கள்?

இணையத் தகவலை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் செயலி உங்கள் கைப்பேசியில் இருந்தால், அதைத் திறந்து நெதர்லாந்தைத் தேர்ந்தெடுத்து இணைத்துவிட்டு, உடனே கூகல் மேப்ஸையும் திறந்து பாருங்கள். சிங்கப்பூரில் தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் உட்கார்ந்தபடி ஓர் அண்ணனுக்கு இதைச் செய்துகாட்டினேன். விபிஎன் செயலி "ஆம்ஸ்டர்டாம்" என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. வரைபடத்தின் நீலப் புள்ளியோ பஃபலோ ரோட்டை விட்டு ஓரடிகூட நகரவில்லை. அவர் திரையையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அப்ப மூணு வருசத்துக்குக் கட்டுன காசு தண்டமா தம்பி?" என்று கேட்டார். தண்டமில்லை. ஆனால் எதற்காகக் கட்டினோம் என்பதை அவர் அதுவரை யோசித்ததில்லை. விளம்பரம் சொன்ன காரணத்தையே தம்முடைய காரணமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

விபிஎன் வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் வரிசையாகச் செய்து பார்க்கக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

முதற்படி: தகவல் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊருக்கு ஒரு பொட்டலம் அனுப்ப நமக்கு இரண்டு வழிகள் உண்டு. அஞ்சலில் அனுப்பினால், அனுப்புபவர் யார், பெறுபவர் யார் என்பது அஞ்சல் நிலையத்துக்குத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் திருச்சிக்குப் போகிற நண்பரிடம் கொடுத்துவிட்டால் அஞ்சல் நிலையத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நண்பருக்கு எல்லாம் தெரியும். பொட்டலத்தை வாங்கிக்கொள்பவருக்கு, கொண்டுவந்தவரின் முகம்தான் முதலில் தெரியும். உள்ளே நீங்கள் பெயரெழுதிய கடிதம் வைத்திருந்தால், அனுப்பியது யார் என்பதும் பிரித்தவுடனே தெரிந்துவிடும்.

விபிஎன் இந்த இரண்டாவது வழியைப் போன்றது. சாதாரணமாக உங்கள் கைப்பேசியிலிருந்து கிளம்பும் தகவல், வீட்டு ரவுட்டர் வழியாக சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா போன்ற ஏதேனும் ஓர் இணையச் சேவை நிறுவனத்தை அடைந்து, அங்கிருந்து நீங்கள் திறக்கும் தளத்துக்குப் போகிறது. விபிஎன்னை இணைத்ததும் எல்லாத் தகவலும் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, முதலில் விபிஎன் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். நீங்கள் ஏதோ ஒரு விபிஎன் சர்வரோடு தொடர்பில் இருக்கிறீர்கள், எப்போதிலிருந்து, எவ்வளவு தரவு போய் வருகிறது என்ற அளவில்தான் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அந்தச் சர்வரில் மேலுறை பிரிக்கப்பட்டு, அங்கிருந்து தளம்வரையிலான மிச்சப் பயணம் வழக்கம்போலவே நடக்கிறது. தளத்தின் கண்ணுக்குப் படுவது உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளங்காட்டும் எண்) அன்று, சர்வரின் ஐபி முகவரி.

ஆகவே பார்க்கிற ஆள் மாறுகிறாரே தவிர, பார்க்கிற ஆளே இல்லாமல் போவதில்லை. இணையச் சேவை நிறுவனம் இருந்த இடத்தில் இப்போது விபிஎன் நிறுவனம் இருக்கிறது. முன்னதற்கு இங்கே அலுவலகம், உரிமம், ஒழுங்குமுறை ஆணையம் எல்லாம் உண்டு. பின்னது எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விபிஎன் இல்லாவிட்டாலும் பொட்டலம் திறந்து கிடப்பதில்லை. தள முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் என்பது, உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் நடப்பதை ஏற்கெனவே முத்திரையிட்டு விடுகிறது. 2013இல் அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பைப் பற்றி எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு தளங்கள் இதற்கு மாறும் வேகம் கூடியது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு முத்திரைச் சான்றிதழ்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் சிறிய தளங்களும் மாறின. பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று நாமெல்லாம் சொல்லிக்கொடுத்து வந்தோமே, அந்தப் படத்தையே 2023 செப்டம்பரில் குரோம் உலாவி எடுத்துவிட்டது. முத்திரையில்லாத தளம்தான் இப்போது விதிவிலக்கு என்பதால், அப்படிப்பட்ட தளத்தில் மட்டும் "பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கிறது.

எனவே, காப்பிக்கடை வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர் கடவுச்சொல்லைப் படித்துவிடுவார் என்று விபிஎன் விளம்பரங்கள் இன்றும் காட்டும் காட்சி பழைய கதை. எச்டிடிபிஎஸ் இருக்கும்போது வெளியில் தெரிவது பெரும்பாலும் தளத்தின் பெயர்தான். நீங்கள் எந்த வங்கியின் தளத்தைத் திறந்தீர்கள் என்பது வைஃபை வைத்திருப்பவருக்குத் தெரியலாம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. அந்தப் பெயரைக்கூட மறைப்பதுதான் விபிஎன் கூடுதலாகச் செய்வது. சிலருக்கு அது பெரிய உதவி. ஒரு மருத்துவத் தளத்தின் பெயரோ வேலை தேடும் தளத்தின் பெயரோ மட்டுமே பல விஷயங்களைச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: யாருடைய கண்ணுக்கு மறைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் இணையப் பழக்கம் யாருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறீர்களோ அவர்களை எழுதுங்கள். "எல்லாருக்கும்" என்று எழுதாதீர்கள். அதற்கு எந்தச் செயலியாலும் விடை தர முடியாது.

வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்காரரின் ரவுட்டரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தொழில்நுட்பம் கொஞ்சம் தெரிந்திருந்தால், எந்தக் கருவி எந்தத் தளத்துக்குப் போனது என்பதைப் பார்க்கும் வசதி அந்த ரவுட்டரிலேயே இருக்கக்கூடும். தங்கும் விடுதியின் பொது வைஃபையும், வெளியூரில் தங்கும் ஹோட்டலின் வைஃபையும் இப்படித்தான். இந்தக் கண்களுக்கு மறைப்பதே விபிஎன் மிக நன்றாகச் செய்யும் வேலை. இவர்கள்தாம் உங்கள் கவலை என்றால் விபிஎன்னுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பொருளுண்டு.

நூலகத்திலும் எம்ஆர்டி நிலையத்திலும் கிடைக்கும் வயர்லெஸ்@எஸ்ஜி பற்றித் தனியாக ஒரு சொல். அதில் இரண்டு பெயர்கள் தெரியும். முடிவில் "எக்ஸ்" சேர்ந்த பெயர், சிம் அட்டையையோ பதிவுசெய்த கணக்கையோ வைத்து உங்களை அடையாளங்கண்டு, கைப்பேசிக்கும் கம்பத்துக்கும் இடையிலான அலையையும் மறையாக்கம் செய்கிறது. கைப்பேசியை ஒருமுறை அதற்குப் பழக்கிவிட்டால் பொது வைஃபை பற்றிய பாதிப் பயம் செலவில்லாமலேயே தீர்ந்துவிடும்.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் நீங்களாக விபிஎன் போட்டுக்கொள்வது வேறு கதை. அந்தக் கணினியையே நிறுவனம் நிர்வகிக்கிறது. உறையில் போடுமுன்பே பார்த்துவிடும் மென்பொருள் அதில் இருக்கலாம். அலுவலகமே தரும் விபிஎன், வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் வாசல். வீட்டில் அதை இணைத்தபடி நீங்கள் பார்க்கும் தளங்களும் அலுவலகத்தின் வழியாகப் போகக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் துண்டித்துவிடுங்கள்.

தாளில் "கூகல், ஃபேஸ்புக், விளம்பரக்காரர்கள்" என்று எழுதியிருந்தால், விபிஎன் மட்டும் போதாது. அதற்குக் கீழே தனியாக ஒரு படி வைத்திருக்கிறேன். "மோசடிக்காரர்கள்" என்று எழுதியிருந்தால், விபிஎன் அநேகமாக ஒன்றும் செய்யாது.

மூன்றாம் படி: யாரிடம் பொட்டலத்தைக் கொடுக்கிறீர்கள் என்று விசாரியுங்கள்

முன்பின் தெரியாத ஒருவர் விமான நிலையத்தில் வந்து, "நான் சும்மா எடுத்துப் போகிறேன், காசு வேண்டாம்" என்றால் பொட்டலத்தைக் கொடுத்துவிடுவோமா? இலவச விபிஎன்களைப் பற்றி இப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்வர் வாடகைக்கும் தரவுக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

நடந்தவை சிலவற்றைச் சொல்கிறேன். ஒனாவோ என்ற நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. அதன் இலவச விபிஎன் செயலி உங்கள் தகவலைப் பாதுகாக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால் மக்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்கின் வணிகத்துக்குப் பயன்பட்டது. இதை முறையாகத் தெரிவிக்கவில்லை என்று 2023இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அடுத்தது நம் ஊரோடு தொடர்புடையது. 2024 மே மாதம், அமெரிக்காவின் வேண்டுகோளின்பேரில் சீன நாட்டவர் ஒருவர் சிங்கப்பூரில் கைதானார். "911 எஸ்5" என்ற வலையமைப்பை நடத்தினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. சில இலவச விபிஎன் மென்பொருள்களைப் பதிவிறக்கியவர்களின் கணினிகள் அவர்களுக்கே தெரியாமல் அந்த வலையமைப்பில் சேர்க்கப்பட்டு, அவர்களுடைய ஐபி முகவரிகள் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை தெரிவித்தது. அப்படிச் சிக்கிய ஐபி முகவரிகள் 1 கோடியே 90 லட்சத்துக்கும் அதிகம். தன் முகவரியை மறைக்க ஒருவர் போட்ட மென்பொருள், அவர் முகவரியை இன்னொருவர் முகமூடியாக மாட்டிக்கொள்ள வழிசெய்திருக்கிறது. இலவச விபிஎன் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். கட்டணச் சேவை நடத்தும் நிறுவனங்கள் சில, வேகத்தையும் நாடுகளையும் குறைத்து ஓர் இலவசப் பிரிவும் தருகின்றன. கட்டணம் கட்டுபவர்கள் அந்தச் செலவைச் சுமக்கிறார்கள் என்பது வெளிப்படை. வருமானம் எங்கிருந்து என்றே தெரியாத செயலியைத்தான் தொடக்கூடாது.

பணம் கொடுத்து வாங்குவதிலும் "பதிவேடு வைப்பதில்லை" என்ற வாசகத்தை அப்படியே நம்பிவிட முடியாது. 2017இல் அமெரிக்காவில் இணையவழித் துன்புறுத்தல் வழக்கு ஒன்றில், பதிவேடு வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்ட விபிஎன் நிறுவனத்தின் பதிவுகளே குற்றஞ்சாட்டப்பட்டவரின் வீட்டையும் அலுவலகத்தையும் இணைத்துக்காட்டின. துன்புறுத்தியவர் பிடிபட்டது நல்லதுதான். ஆனாலும் அந்த வாசகம் பொய்த்துப்போனது. மறுபக்கம், 2023 ஏப்ரலில் சுவீடனில் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு போன காவல்துறையினர், எடுத்துப்போக வாடிக்கையாளர் தகவல் எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பினார்கள். விளம்பர வாசகத்தைவிட இத்தகைய சோதனைகளில் என்ன நடந்தது என்பதையே நான் பார்ப்பேன். வெளித்தணிக்கை அறிக்கை வெளியிட்டிருக்கிறார்களா, நிறுவனத்தின் உரிமையாளர் யார், எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பவற்றை அரைமணி நேரம் செலவிட்டால் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதுவே விடை.

இந்தியத் தொலைக்காட்சிக்காக விபிஎன் வாங்கும் நம்மவர்களுக்கு ஒரு வேடிக்கை. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டது. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன் உள்ளிட்ட சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் அதற்குப் பதிலாக, இந்திய ஐபி முகவரி தரும் சர்வர்களைச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்தது. ஈசூனில் உட்கார்ந்து "இந்தியா" என்று அழுத்துபவரின் தகவல் இந்தத் தீவைத் தாண்டாமலேயே இந்தியாவுக்குப் போய் வந்ததாகக் காட்டிக்கொள்ளலாம். செயலியில் தெரியும் நாட்டின் கொடி, சர்வர் நிற்கும் இடத்துக்குச் சாட்சியம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நான்காம் படி: இணைத்ததும் சோதியுங்கள்

விபிஎன்னை நிறுத்திவிட்டு, தேடுபொறியில் "என் ஐபி முகவரி என்ன" என்று தேடி, வரும் எண்ணையும் சேவை நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விபிஎன்னை இணைத்து, அதே பக்கத்தைப் புதுப்பியுங்கள். எண்ணும் பெயரும் இரண்டுமே மாறியிருக்க வேண்டும். சில பக்கங்கள் இரண்டு எண்களைக் காட்டும்; புள்ளி வைத்த சிறிய எண் ஐபிவி4, முக்காற்புள்ளி போன்ற குறிகள் வைத்த நீண்ட எண் ஐபிவி6. சிறிய எண் மட்டும் மாறி நீண்ட எண் பழையபடியே இருந்தால் உங்கள் விபிஎன் ஒழுகுகிறது என்று பொருள்.

அடுத்து "டிஎன்எஸ் கசிவுச் சோதனை" செய்யும் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிக்கொடுக்கும் தொலைபேசிப் புத்தகம் போன்றது டிஎன்எஸ். விபிஎன் இணைந்திருக்கும்போதும் அங்கே உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர் வந்தால், நீங்கள் போகும் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் இன்னமும் அந்த நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டுதான் போகிறீர்கள். விபிஎன் செயலியின் அமைப்புகளில் அதன் சொந்த டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தச் சொல்லும் தெரிவை இயக்குங்கள். அது இல்லாத செயலியை மாற்றிவிடுங்கள்.

ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது தொடர்பு அறுந்து, மீண்டும் இணைவதற்குள் கைப்பேசி பழைய வழியிலேயே தகவலை அனுப்பிவிடும். இதைத் தடுப்பதற்கு "கில் சுவிட்ச்" என்ற வசதி. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் நெட்வொர்க் பகுதியில் விபிஎன் என்பதைத் திறந்து, செயலியின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தை அழுத்தினால், எப்போதும் இயங்கும் விபிஎன், விபிஎன் இன்றி இணைப்புகளைத் தடு என்னும் பொருளில் இரண்டு தெரிவுகள் இருக்கும். இரண்டையும் இயக்கலாம். ஐபோனில் விபிஎன்னை இணைப்பதற்கு முன்பே திறந்திருந்த தொடர்புகள் சில, இணைத்த பிறகும் பழைய வழியிலேயே தொடர்வது 2020இல் வெளிப்பட்டது. விபிஎன்னை இணைத்துவிட்டு விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுப்பது பெரும்பாலும் உதவும், ஆனால் உறுதியில்லை.

ஒரு சங்கடமும் உண்டு. ஹோட்டலிலும் சில கடைகளிலும் வைஃபையில் நுழைய முதலில் ஒரு பக்கம் வந்து அறை எண்ணையோ கைப்பேசி எண்ணையோ கேட்கும். கில் சுவிட்ச் இயங்கினால் அந்தப் பக்கமே வராது. வைஃபை கெட்டுவிட்டது என்று நினைத்து வரவேற்பு மேசையில் சண்டை போட்டவர்கள் உண்டு. சில நிமிடம் நிறுத்தி, நுழைந்த பிறகு மீண்டும் இயக்குங்கள்.

வங்கிச் செயலியை விபிஎன்னுக்கு வெளியே விட்டுவிடுவதே என் வழக்கம். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை வேறொரு நாட்டின் சர்வரில் இணைந்திருந்ததை மறந்து வங்கிக் கணக்கில் நுழைந்தேன். பத்து நிமிடத்துக்கு முன்பு இங்கே அட்டையைத் தட்டிக் காப்பி வாங்கியவர் இப்போது ஐரோப்பாவில் இருக்கிறாரே என்று வங்கிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கணக்கு தற்காலிகமாக முடங்கியது. அன்று மாலை முழுவதும் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வங்கிமீது குறையில்லை, அது தன் வேலையைத்தான் செய்தது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலான விபிஎன் செயலிகளில் குறிப்பிட்ட செயலிகளை மட்டும் விலக்கிவைக்கும் வசதி உண்டு. வங்கி, சிங்பாஸ் இரண்டையும் அதில் போட்டுவிடலாம். அவற்றின் தொடர்பு எப்படியும் முத்திரையிடப்பட்டதுதான்.

ஐந்தாம் படி: நீங்களே எழுதிக்கொடுக்கும் கடிதங்களை நிறுத்துங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பொட்டலத்துக்குள் நம் பெயரெழுதிய கடிதம் இருந்தால், அதை யார் கொண்டுபோனாலும் ஒன்றுதான் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கடிதங்கள் பல வடிவங்களில் இருக்கின்றன.

முதலாவது, உள்நுழைவு. கூகல் கணக்கில் நுழைந்தபடி தேடினால், நீங்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து தேடியதாகக் கூகல் நினைத்துக்கொள்ளும். தேடியது நீங்கள்தான் என்பதில் அதற்கு ஐயமே வராது. ஃபேஸ்புக்கும் இணைய அங்காடிகளும் இப்படித்தான். கூகல் கணக்கின் "எனது செயல்பாடு" பக்கத்தைத் திறந்து, உங்கள் தேடல்களும் பார்த்த காணொளிகளும் நாள்வாரியாக அடுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். அண்ணனுக்கு அதைத் திறந்துகாட்டியபோது, விபிஎன் போட்டிருந்த நாட்களின் தேடல்களும் வரிசை குலையாமல் அங்கே இருந்தன. தானாக அழிக்கும் கால அளவை அங்கேயே 3 மாதமாக வைக்கலாம். பதிவதையே நிறுத்தவும் செய்யலாம். இந்த இரண்டு நிமிட வேலை, கூகலைப் பொறுத்தவரை ஓராண்டு விபிஎன் சந்தாவைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

இரண்டாவது, குக்கிகள். ஒரு தளம் உங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு சீட்டு அது. ஐபி முகவரி மாறினாலும் சீட்டு மாறாது. ஒரு கடையில் நீங்கள் பார்த்த செருப்பு, செய்தித் தளத்திலும் சமையல் தளத்திலும் உங்களைத் துரத்தி வருவது பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் குக்கிகளால், அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாமல் விளம்பர நிறுவனம் போன்ற வேறொன்று விட்டுச்செல்லும் சீட்டுகளால். சஃபாரி 2020 மார்ச் முதல் அவற்றை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் அடைத்துவைக்கிறது. குரோம் அவற்றை ஒழிக்கப்போவதாக 2020இல் அறிவித்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. குரோமையே பயன்படுத்துபவர்கள் அமைப்புகளில் தாமாகப் போய் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்க வேண்டும்.

மூன்றாவது, உலாவியின் கைரேகை. திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம், கருவியின் வகை என்று உங்கள் உலாவி கேட்காமலேயே சொல்லும் சிறு விவரங்களைச் சேர்த்தால், அந்தச் சேர்க்கை உங்களுக்கே உரியதாக அமைந்துவிடக்கூடும். இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு வந்த உலாவிகளில் ஏறத்தாழ 84 விழுக்காடு தனித்து அடையாளங்காணக் கூடியவையாக இருந்தன. "கவர் யுவர் டிராக்ஸ்" என்ற பெயரில் அதன் சோதனைப் பக்கம் இப்போதும் இருக்கிறது. விபிஎன் இல்லாமல் ஒருமுறை, இணைத்து ஒருமுறை பாருங்கள். நேர மண்டலம் சிங்கப்பூர், உலாவி மொழிகளில் தமிழும் உண்டு, ஐபி முகவரியோ நெதர்லாந்து என்றால், அந்தக் கூட்டத்தில் நீங்கள் தனியாகத் தெரிவீர்களே தவிர மறைய மாட்டீர்கள். இதற்கு முழுத் தீர்வு சாதாரண உலாவிகளில் இல்லை. கண்ட கண்ட நீட்சிகளைச் சேர்க்காமல், கைரேகை எடுப்பதைத் தடுக்க முயலும் உலாவியைப் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான்காவது, செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகள். நீலப் புள்ளியின் மர்மம் இதுதான். ஜிபிஎஸ், சுற்றியுள்ள வைஃபை பெயர்கள், கைப்பேசிக் கோபுரங்கள் ஆகியவற்றிலிருந்து கைப்பேசியே இடத்தைக் கணக்கிடுகிறது. விபிஎன்னுக்கு இதில் பங்கே இல்லை. இட அனுமதி கேட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, டாக்ஸி, வரைபடம் போன்றவற்றுக்குப் "பயன்படுத்தும்போது மட்டும்" என்று வையுங்கள். டார்ச் விளக்குக்கும் நாட்காட்டிக்கும் இடம் தெரிய வேண்டிய தேவையில்லை. தொடர்புப் பட்டியல், ஒலிவாங்கி அனுமதிகளையும் அப்படியே களையெடுங்கள். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடும் தெரிவு, விளம்பரங்கள் என்ற பகுதியில் இருக்கிறது. ஐபோனில் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் கண்காணிப்பு என்பதைத் திறந்து, செயலிகள் கேட்பதையே தடுத்துவிடலாம். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல் இந்த வசதி உண்டு.

மறைநிலைச் சாளரத்தையும் விபிஎன்னையும் சேர்த்துப் போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்பவர்களுக்கு: மறைநிலைச் சாளரம் அந்தக் கருவியில் வரலாற்றை விட்டுவைக்காது, பழைய குக்கிகளையும் எடுத்துப் போகாது. அதில் போய்க் கணக்கில் நுழைந்தால் மீண்டும் கடிதம் எழுதியாயிற்று.

ஆறாம் படி: விபிஎன் தொடாத ஆபத்துகளுக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள்

2021 டிசம்பரில் இங்கே ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி, ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தார்கள். வங்கியின் உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையிலேயே போலிச் செய்தியும் வந்து அமர்ந்துகொண்டது. இணைப்பைத் தட்டி, போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தவர் விபிஎன் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடவுச்சொல் மிகப் பாதுகாப்பாக மறையாக்கம் செய்யப்பட்டு மோசடிக்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வங்கிகள் குறுஞ்செய்திகளில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. 2023 ஜனவரி 31 முதல், பதிவுசெய்யாத பெயர்களிலிருந்து வரும் செய்திகள் மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடு வருகின்றன. ஸ்கேம்ஷீல்டு செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழையுங்கள். செயலி இலவசம்.

மறுமுனையில் வைத்திருக்கும் தகவல் களவுபோவதையும் விபிஎன்னால் தடுக்க முடியாது. 2018இல் சிங்ஹெல்த் தரவுத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி முதலியவற்றை எடுத்துப்போனார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்து விவரங்களும் போயின. அந்த நோயாளிகள் எந்த வழியாக இணையத்தில் நுழைந்தார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் கையில் இருப்பது, தேவையில்லாத இடத்தில் தகவலைக் கொடுக்காமலிருப்பது. சட்டப்படி தேவைப்படும் இடங்கள் போன்ற சில சூழல்களைத் தவிர, தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்குவது 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. குலுக்கல் போட்டிக்கு அடையாள அட்டை எண் எதற்கு என்று முகப்பில் இருப்பவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

வெளிநாடு போகுமுன்

சிங்கப்பூரில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. விபிஎன் இல்லாமல் செய்தால் குற்றமாகும் எதுவும் விபிஎன்னோடு செய்தாலும் குற்றமே. ஒளிவழிச் சேவைகளின் விதிமுறைகள் தனி விஷயம். வேறு நாட்டுக்காரராகக் காட்டிக்கொள்வதைப் பல சேவைகள் ஏற்பதில்லை, விபிஎன் சர்வர்களின் முகவரிகளைக் கண்டுபிடித்து முடக்கவும் செய்கின்றன. இந்தியப் படம் பார்ப்பதற்காகவே மூன்றாண்டுச் சந்தா கட்டுமுன் ஒரு மாதச் சந்தாவில் சோதித்துப் பாருங்கள்.

துபாய் வழியாகப் பயணம் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குற்றம் புரிவதற்கோ குற்றம் வெளிப்படாமல் தடுப்பதற்கோ ஐபி முகவரியை மறைத்தால், ஐக்கிய அரபு சிற்றரசுகளின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் சிறையும் விதிக்க இடமுண்டு. அங்கே எது குற்றம் என்ற பட்டியல் நம்முடையதைப் போன்றதன்று.

சந்தாவைப் பற்றி

தேக்கா அண்ணனின் கணக்குக்கு வருகிறேன். அவர் தாளில் எழுதியது இரண்டே வரிதான்: ஊருக்குப் போகும்போது தங்கும் ஹோட்டல் வைஃபை, மகன் வீட்டில் இந்தியத் தொலைக்காட்சி. முதலாவதற்கு விபிஎன் உதவும். இரண்டாவதற்கு அவர் வாங்கிய விபிஎன் வேலை செய்யவில்லை. கட்டிய காலம் முடியும்வரை வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று அவர் நினைத்திருந்தார். நிற்காது. ஐபோனில் அமைப்புகளின் உச்சியில் உள்ள உங்கள் பெயரைத் தட்டி, சந்தாக்கள் பகுதியைத் திறந்து அங்கே ரத்துசெய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் சுயவிவரப் படத்தைத் தட்டினால் பணம் செலுத்தல், சந்தாக்கள் என்ற பகுதி வரும். நிறுவனத்தின் தளத்திலேயே அட்டை எண் கொடுத்து வாங்கியிருந்தால் இந்த இரண்டு இடங்களிலும் அது தெரியாது. அந்தத் தளத்தில் உள்நுழைந்துதான் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்த வேண்டும். அண்ணன் தளத்தில் வாங்கியிருந்தார். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது.